வலைக்கூடம் காலியாகவே கிடக்கிறது: புருனோ லத்தூரின் கோட்பாட்டை வைத்து ஏதாவது கட்ட முடியுமா?

நெய்தல்22 (வியாழன், இரவு 11.20)

எல்லாருக்கும் வணக்கம். ஆர்க்கிடெக்சர் கடைசி வருடம் படிக்கிறேன். இரண்டாவது ரிவியூவில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இங்கே சமூகவியல் படித்தவர்களும் உண்டு, கட்டட வேலை பார்க்கிறவர்களும் உண்டு என்பதால் கேட்கிறேன்.

என் தீசிஸ் எங்கள் ஊர் வலைக்கூடம். ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில் இருக்கிறது, பெயர் வேண்டாம். சில வருடங்களுக்கு முன்னால் வலை பின்னுவதற்கென்றே கடற்கரையில் கான்கிரீட் கூடம் ஒன்று கட்டித் தந்தார்கள். பன்னிரண்டடிக்கு ஒரு தூண், டைல்ஸ் தரை, சுற்றிலும் நெஞ்சளவு சுவர், ஏற இரண்டு வாசல். ஒழுகாது, நல்ல காற்று. ஆனால் அங்கே ஒருவரும் வலை பின்னுவதில்லை. சீட்டு விளையாடுகிறார்கள். கல்யாண வீட்டு நாற்காலி அடுக்குகிறார்கள். மழை வந்தால் ஆடு ஏறி நிற்கிறது. வலை பின்னுகிறவர்கள் எல்லாம் கோயில் மதில் நிழலிலும் தென்னை மூட்டிலும்தான். எங்கள் பாட்டாவும் அங்கேதான் இருப்பார்.

என் கைடு, புருனோ லத்தூர் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளரைப் படிக்கச் சொன்னார். மனிதர்கள் காரியம் செய்கிறார்கள், பொருள்கள் சும்மா கிடக்கின்றன என்று முதலிலேயே பிரிக்காதே. எது இன்னொன்றின் போக்கை மாற்றுகிறதோ அதையும் கணக்கில் எடு. ஆக்டர்-நெட்வொர்க் தியரி என்பதை நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். 1988-ல் அவர் கதவைத் தானாக மூடும் ஸ்பிரிங்கைப் பற்றி எழுதிய கட்டுரை எனக்கு ரொம்பப் பிடித்தது. வாசலில் ஆள் நின்று செய்ய வேண்டிய வேலையை அந்த ஸ்பிரிங் செய்கிறது. கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் உள்ளே விடாது. ஸ்பிரிங்குக்கும் ஆள் பார்த்து நடக்கத் தெரிகிறது!

இதே தியரிக்காரரான மிஷேல் கலோன் 1986-ல் எழுதிய சிப்பிக் கட்டுரையையும் படித்தேன். பிரான்சில் ஒரு விரிகுடாவில் சிப்பி அருகி வருகிறது, மூன்று ஆராய்ச்சியாளர்கள் வளர்க்கப் பார்க்கிறார்கள். கடலில் இறக்கின பைகளில் சிப்பிக் குஞ்சு ஒட்டினால்தான் திட்டம் நடக்கும். அவர்கள் மீனவர்களிடம் மட்டுமல்ல, குஞ்சுகளிடமும் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது என்கிறார். கடைசியில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மீனவர்களே போய் அள்ளிவிட்டார்கள். எங்கள் ஊரில் பாறையில் சிப்பி எடுக்கிற ஒரு மாமாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "பின்னே விடுவானா?" என்றார்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். பெரிய டயக்ராம் போட்டேன். மீனவர், வலை, கடல், உப்புக்காற்று, நாய், ஏலக்காரர், அரசாங்கம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வட்டம், நடுவே கோடுகள். ஜூரியில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தக் கோடெல்லாம் இல்லாவிட்டாலும் நீ இதே கட்டடத்தைத்தானே வரைந்திருப்பாய்?" பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையும் அதுதான். தியரி ஒரு ஷீட்டில் இருக்கிறது, கட்டடம் இன்னொரு ஷீட்டில் இருக்கிறது.

இதை டிசைனுக்குள் எப்படிக் கொண்டுவருவது? அப்புறம் இன்னொரு உறுத்தல். எங்கள் ஊர் ஆட்களையும் வலையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது அவர்களைக் கீழே இறக்குவது ஆகாதா?

எம்சாண்ட் (வியாழன், இரவு 11.52)

ஈர வலையைக் கொண்டு டைல்ஸில் போட்டால் வழுக்கும். ஈயக்குண்டு விழுந்தால் டைல்ஸ் உடையும். அதனால் எவனும் வரமாட்டான். இதைச் சொல்ல பிரான்ஸ்காரன் வேண்டாம் தங்கச்சி, கையாளே சொல்வான்.

இந்த மாதிரிக் கூடம் நானும் இரண்டு எடுத்துச் செய்திருக்கிறேன். பன்னிரண்டடி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள், நானே சொல்கிறேன். கான்கிரீட்டுக்குள் போடுகிற கம்பி நாற்பதடி நீளத்தில்தான் வரும். தூணுக்குத் தூண் பன்னிரண்டடியாக மூன்று கண்ணி போட்டால் முப்பத்தாறு. தூண் அகலமும் இரண்டு முனையில் மடக்கும் போனால் கம்பி சரியாக முடிந்துவிடும். வெட்டு விழாது, கம்பியோடு கம்பி சேர்க்கிற லாப் வேண்டாம். அதற்கேற்ற மாதிரிதான் டிராயிங்கும் வரும், எஸ்டிமேட்டும் வரும். வலையைப் பற்றி எஸ்டிமேட்டில் ஒரு வரி கிடையாது.

பிளான் அக்கா (வெள்ளி, காலை 6.15)

மக்ளே, எம்சாண்ட் அண்ணன் கிண்டலுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உன் தீசிஸின் முதல் ஷீட் அதுதான். கூடத்தின் நீளத்தை முடிவு செய்தது யார்? கம்பி. வலைக்கு வேண்டிய நீளத்தை யாராவது கேட்டார்களா? இல்லை. உன் டயக்ராமில் கம்பிக்கு வட்டம் இருக்கிறதா என்று பார். இருக்காது. உனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் வட்டம் போட்டிருக்கிறாய்.

நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. ஐடிஐ டிராஃப்ட்ஸ்மேன் படித்துவிட்டு இருபத்தாறு வருடமாகத் திருவட்டாறு பக்கம் வீட்டு பிளான் வரைகிறேன். அப்பா ஆசாரி. மகள் எம்.ஏ. சமூகவியல் படித்தபோது அவள் புத்தகங்களை நானும் புரட்டினேன். பாதி புரிந்தது. புரிந்த பாதி எங்கள் அம்மா வீட்டு அடுக்களையை வைத்துத்தான் புரிந்தது, அதைச் சொல்கிறேன்.

குலசேகரத்துக்கு மேலே ஒரு ஏக்கர் ரப்பரோடு ஓட்டு வீடு. அடுக்களை வடகிழக்கு மூலை. மூன்று அடுப்பு, மேலே பரண், அதற்கும் மேலே பனைமரச் சட்டம் போட்ட பனங்கைக் கூரை. பாட்டி கொதும்பும் மட்டையும் ரப்பர் விறகும் வைத்து எரிப்பாள். பரணில் குடம்புளி காயும், விதைத் தேங்காய் கிடக்கும். பரணுக்கு ஓரமாகக் கம்பி கட்டி ரப்பர் ஷீட் தொங்கும். புகையில் தொங்கித் தொங்கி ஷீட் தேன் நிறத்துக்கு வரும். பனங்கை கருத்து எண்ணெய் பூசினதுபோல மினுங்கும். விரலை வைத்தால் ஒட்டும். அடுக்களை ஏன் இப்படிக் கறுப்பாக இருக்கிறது என்று நாங்கள் வெட்கப்படுவோம், ஸ்கூல் பிள்ளைகள் யாராவது வந்தால் உள்ளே கூப்பிடமாட்டோம்.

1996-ல் மாமா சமையல் கேஸ் எடுத்தார். பாட்டிக்குக் கண் எரிகிறது, மருமகளுக்கு இருமல், நியாயமான காரணம்தான். புகை நின்றது. முதல் மழைக்காலத்திலேயே ஷீட்டில் பூசணம் பூத்தது, கடையில் விலையைக் குறைத்தான். குடம்புளி நசநசத்தது. இதெல்லாம் உடனே தெரிந்த நஷ்டம். கூரையில் நடந்தது தெரிய நாலு வருடம் ஆயிற்று. காலையில் எழுந்து பார்த்தால் அடுப்புத் திண்டில் மாவு சலித்ததுபோல மஞ்சள் பொடி கிடக்கும். துடைப்போம், மறுநாளும் கிடக்கும். அப்பா ஏணி வைத்து ஏறி, பனங்கையைச் சுத்தியலால் தட்டினார். கணீர் என்று கேட்க வேண்டியது பொத் பொத் என்று கேட்டது. உள்ளே முழுக்க உளுத்திருந்தது. புகை இருந்தவரை வண்டு அண்டவில்லை. அந்தக் கூரையை அத்தனை வருடம் தாங்கியதில் பாதி பனங்கை, பாதி பாட்டியின் அடுப்பு. வீட்டுக்கு பிளான் வரைந்தால் புகையை எதில் காட்டுவாய்?

அப்புறம் அடுக்களைக்குக் கான்கிரீட் போட்டார்கள். மேடை, சிங்க், எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் வந்தது. ஏப்ரல் மாத மத்தியானத்தில் பாட்டியால் உள்ளே நிற்க முடியவில்லை. ஒரு நாள் வடக்குப் புறம் மூன்று கல் கூட்டி, மேலே நாலு தகரம் வைத்தாள். வெந்நீர் போடத்தான் என்றாள். ஒரு வாரத்தில் அங்கே மீன்குழம்பு கொதித்தது. ரப்பர் ஷீட் அங்கே போனது. குடம்புளி போனது. பூனை போனது. ரப்பர் பால்வெட்டு முடிந்து சாயா குடிக்க வருகிறவர்களும் அங்கே போனார்கள். வீட்டு நியாயம் அநியாயம் எல்லாம் பேசுகிற இடம் அந்தக் கொட்டில் ஆகிவிட்டது. பிறகு மாமா லோனுக்காக பிளான் கேட்டபோது நானே வரைந்தேன். யாரும் சமைக்காத அறைக்குக் 'கிச்சன்' என்று எழுதினேன். கொட்டிலை வரையவே இல்லை. வரைந்தால் அப்ரூவல் ஆகாது என்றார்கள்.

நீ படிக்கிற லத்தூரும் அல்பெனா யானேவா என்ற ஒருவரும் சேர்ந்து 2008-ல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது, கைடிடம் கேள். மரே என்ற பிரெஞ்சுக்காரர் 1882-ல் துப்பாக்கி வடிவத்தில் ஒரு கேமரா செய்தார். ஒரு நொடியில் பன்னிரண்டு படம். பறக்கிற பறவையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். கட்டடத்துக்கு இதற்கு நேர்மாறான துப்பாக்கி வேண்டும் என்கிறார்கள். பறவை நிற்காது, அதனால் நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. கட்டடம் நிற்பதுபோலத் தெரிகிறது, அது ஓடுவதைப் பார்க்க ஒரு கருவி வேண்டும். நாம் வரைகிற பிளான் எல்லாம் மரேயின் படம் மாதிரி. ஒரு நொடிதான் அதில் இருக்கும்.

தக்கலை பக்கத்து நம் பத்மநாபபுரம் அரண்மனையையே எடுத்துக்கொள். இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் எல்லைக்கோடு நகர்ந்தது, தக்கலை தமிழ்நாட்டுக்கு வந்தது, அரண்மனை மட்டும் இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறை கையில். நம் மண்ணில் நின்றுகொண்டு பக்கத்து மாநிலத்தில் வேலை பார்க்கிறது! மழை, கறையான், சுற்றுலா வருகிறவர்களின் கால், ஓடு மாற்றுகிற ஆசாரி, சம்பளம் போடுகிற அலுவலகம் எல்லாம் தினமும் சேர்ந்தால்தான் அந்த மர அரண்மனை நிற்கும்.

அதனால் நான் சொல்வது இவ்வளவுதான். வட்டம் போட்ட ஷீட்டை மடித்து வை. ஒரே ஒரு வலையைப் பிடி. அது கடலிலிருந்து ஏறுகிற நேரம் முதல் மறுபடி வள்ளத்தில் ஏறுகிற நேரம் வரை கூடவே போ. எங்கே இழுபடுகிறது, எதில் மாட்டுகிறது, யார் யாரிடம் கோபப்படுகிறார்கள் என்று பார்த்து எழுது. சண்டை நடக்கிற இடத்தில்தான் பொருள் வாயைத் திறக்கும், மற்ற நேரம் அது பாட்டுக்குக் கிடக்கும். யானேவா ராட்டர்டாமில் ரெம் கூல்ஹாஸ் என்ற பெரிய ஆர்க்கிடெக்டின் அலுவலகத்துக்குப் போய் இப்படித்தான் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். யார் நுரைக்கட்டியை வெட்டுகிறார்கள், எந்த மாடலைத் தூக்கி ஓரம் வைக்கிறார்கள் என்று. உனக்கு ராட்டர்டாம் வேண்டாம், தென்னை மூடு போதும்.

பழைய வாத்தியார் (வெள்ளி, மாலை 4.40)

பிளான் அக்கா சொன்ன புகைக்கதையை வகுப்பில் சொல்லியிருந்தால் நான் இரண்டு பாடவேளை மிச்சம் பிடித்திருப்பேன். ஆனால் தம்பியோ தங்கையோ, உங்கள் கடைசிக் கேள்வியை யாரும் தொடவில்லை.

மனிதரையும் பொருளையும் ஒரே சொல்லால் விவரிப்பது ஆராய்ச்சிக்கான ஒரு ஒழுங்கு. முதலிலேயே 'இவர் செய்தார், இது கிடந்தது' என்று முடிவு கட்டாமல் இருப்பதற்காக. இரண்டும் சமம் என்ற தீர்ப்பு அதில் இல்லை. ஆனாலும் இந்தக் கோட்பாட்டின் மேல் ஒரு பழைய புகார் உண்டு. வலைப்பின்னலை அழகாக விரித்துக் காட்டும், அதில் யார் கயிற்றைப் பிடித்திருந்தார்கள் என்பதை மெல்ல விட்டுவிடும்.

நம் மாவட்டத்தில் அதை விட முடியாது. திருவிதாங்கூர்க் காலத்தில் நாடார்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்று இருந்தது. வீட்டின் உயரத்தை அங்கே மரமோ ஓடோ மழையோ தீர்மானிக்கவில்லை. அதே சமயம் உயரம் என்ற பொருள் இல்லாவிட்டால் அந்தத் தடையை நாள்தோறும் கண்ணுக்குக் காட்டவும் முடியாது. சட்டத்தைச் சொல்லிக்கொண்டே நிற்க ஆள் தேவையில்லை, தாழ்ந்த கூரையே சொல்லும். உங்கள் கதவு ஸ்பிரிங் செய்யும் வேலைதான், இங்கே கொடுமையான வேலை.

எதிர்ப்பக்கம் சாமித்தோப்பைப் பாருங்கள். சாதிக்கொடுமையை எதிர்த்த வைகுண்ட சுவாமி வழியில், கருவறை போன்ற பள்ளியறையில் கண்ணாடி இருக்கும். தலைப்பாகை கட்டிக்கொண்டு போய் நின்றால் உங்களையே பார்ப்பீர்கள். தலையில் துணி கட்டுவதே தப்பு என்று இருந்த ஊரில், ஒரு முழத் துணியும் ஒரு கண்ணாடியும் என்ன செய்தன என்று யோசியுங்கள். அங்கிருக்கும் முத்திரிக் கிணறும் அப்படித்தான். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் நீர் எடுத்தது. கயிறும் வாளியும் இல்லாமல் அந்தச் சமத்துவத்தைப் போதித்திருக்கலாம், நடத்தியிருக்க முடியாது.

ஆகவே உங்கள் கூடத்தில் கம்பியோடு நிறுத்தாதீர்கள். கம்பிக்கு ஏற்ற டிராயிங்கைத் தேர்ந்தெடுத்தது ஒரு அலுவலக நாற்காலி. அந்த நாற்காலிக்கு முன்னால் வலை பின்னுகிறவர் யாரும் உட்காரவில்லை. அப்புறம், உங்கள் பதிவு முழுக்க ஆண்கள்தான். மீன் விற்கப் போகிற பெண்கள் அந்தக் கூடத்தை என்ன செய்கிறார்கள்?

நெய்தல்22 (ஞாயிறு, இரவு 9.05)

சார், தங்கைதான். அந்தக் கடைசிக் கேள்வி என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

நேற்று விடியற்காலை நாலரைக்கே பாட்டாவோடு கரைக்குப் போனேன். இன்று ஞாயிறு, யாரும் கடலுக்குப் போகவில்லை, அதனால் எழுத நேரம் கிடைத்தது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன்.

வலை ஏறி வந்ததும் நண்டு கடித்த இடத்தை முதலில் தேட வேண்டும். அதற்கு முழுவதும் விரிக்க வேண்டும். பாட்டா ஒரு முனையைத் தென்னை மூட்டில் கட்டிவிட்டு மடியை விரித்துக்கொண்டே நடந்தார். நானும் கூடவே எட்டு வைத்து நடந்து எண்ணினேன், ஐம்பத்திரண்டு எட்டு. நம் கூடம் உள்ளே பதினைந்து எட்டு. பிறகு உட்கார்ந்து, கிழிந்த இடத்தைக் காலின் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசி ஓட்டுகிறார். குதிகால் மணலுக்குள் ஒரு குழி தோண்டிக்கொள்கிறது. அந்தக் குழிதான் பிடிமானம். டைல்ஸில் குதிகால் சறுக்கும், நான் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எம்சாண்ட் அண்ணன் வழுக்கும் என்றது சரிதான், ஆனால் அது நடக்கும்போது இல்லை, உட்காரும்போது.

கூடத்துக்குள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். வழுக்கும் என்றோ இடம் போதாது என்றோ சொல்வார் என்று நினைத்தேன். "அதுக்குள்ள இருந்தா கடலு தெரியாதே" என்றார். உட்கார்ந்தால் நெஞ்சளவு சுவர் தலைக்கு மேலே நிற்கிறது. யார் வள்ளம் வருகிறது, எவ்வளவு தாழ்ந்து வருகிறது, ஏலம் எங்கே கூடுகிறது என்று பார்த்துக்கொண்டேதான் கை பின்னுகிறது. ஒரு மணி நேரத்தில் அவர் வலையைப் பார்த்ததைவிடக் கடலைப் பார்த்ததுதான் அதிகம்.

அப்படியானால் சுவரை இடித்துவிடலாம் என்று நோட்டில் பெரிதாக எழுதிவிட்டேன். ஏழு மணிக்கு ஏலம் முடிந்து பெண்கள் கடவத்தோடு (மீன்கூடை) ரோட்டுக்கு ஏறினார்கள். ஒருவர் பின் ஒருவராக அந்தச் சுவரில்தான் கடவத்தை இறக்கி வைத்தார்கள். தலையிலிருந்து அப்படியே முன்னால் சாய்த்தால் சுவர்மேல் போய் உட்கார்கிறது. தூக்கிவிட ஆள் வேண்டாம், இறக்கிவிட ஆள் வேண்டாம். சேலையை உதறிக் கட்டி, ஐஸ் போட்டு, சில்லறை எண்ணி, மறுபடி தலையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். பழைய ரோட்டோரங்களில் சுமைதாங்கிக் கல் இருக்குமே, அதே உயரம். எங்கள் அத்தை ஆறு வருடமாக அதில்தான் இறக்குகிறாளாம். காலியாகக் கிடக்கிறது என்று நான் எழுதின கூடத்தில் தினமும் முப்பது நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். எனக்குத்தான் தெரியவில்லை, அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

இப்போதைக்கு வரைந்திருப்பது: ரோட்டுப் பக்கச் சுவர் அப்படியே இருக்கிறது, மேலே மட்டும் ஒரு அடி அகலப்படுத்தி, நீர் வடியச் சரிவு. கடல் பக்கச் சுவர் இல்லை. டைல்ஸை எடுத்துவிட்டு மணல். கடல் பக்கம் நடுத்தூண்களில் ஒன்றை எடுத்து, கூரைக்கு வெளியே தென்னை வரை வலை ஓட வழி. தூண்களில் முழங்கால் உயரத்தில் கொக்கி.

எம்சாண்ட் (ஞாயிறு, இரவு 9.31)

சுவர் உள்ளடைப்புதான், பாரம் தாங்கவில்லை, எடுக்கலாம். மணலும் சரி. தூண் விஷயத்துக்கு வா. ஒரு தூணை எடுத்தால் பன்னிரண்டடி இருபத்துநாலு ஆகும். பீம் இரண்டடி ஆழமாவது வேண்டும். இருக்கிற பீமை வைத்துக்கொண்டு தூணை உருவினால் பாட்டா தலையில்தான் விழும். உப்புக்காற்றில் கம்பி எந்த நிலையில் இருக்கிறதோ, முதலில் ஒரு மூலையில் உடைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பதில் தூணை விடு. வலை தூணுக்கு வெளியே கூரையோரமாக நீளவாக்கில் ஓடினால் போதாதா? கடல் பக்கம் ஆறடிக்கு ஓலைச் சார்ப்பு ஒன்று இறக்கு, கீழே இரண்டு தென்னங்கால். எட்டு எண்ணினாயே, அதை டேப் வைத்து அளந்து அடியில் சொல். மற்றவர்கள் வலையும் அதே நீளம்தானா என்றும் பார்த்துவிட்டு வா.